கடையில் விற்காத விஞ்ஞானம்

பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி நடைபெறப் போகிறது என்ற அறிவிப்புச் சீட்டு வந்ததும் நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மஃரிப் தொழுகை முடிந்ததும் தந்தை கடைத்தெருவுக்குப் புறப்படுகிறார். எழுதுபொருள் கடையில் தெர்மாகோலால் செய்த காற்றாலை, இதயம், எரிமலை எல்லாம் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றை விலை பேசி வாங்கி வருகிறார். தாய் அதற்கு வண்ணத்தாள் ஒட்டுகிறார். அண்ணன் அட்டையில் விளக்கம் எழுதித் தருகிறான். எல்லாம் முடிந்து வீடு நிமிரும்போது, யாருக்காக இத்தனையும் நடந்ததோ அந்தப் பிள்ளை உறங்கிப் போயிருக்கிறது.

பிறர் வீட்டுக் குறையாக இதை நான் எழுதவில்லை. சென்னையில் வசிக்கும் என் தங்கையின் மகள் ஆறாம் வகுப்பில் படித்தபோது, 650 ரூபாய் கொடுத்து எரிமலை ஒன்றை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். சமையல் சோடாவின்மீது வினிகரை ஊற்றினால் சிவப்பு நுரை பொங்கி வழியும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அட்டையிலிருந்த விளக்கத்தை அவள் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தாள். நடுவராக வந்திருந்த ஆசிரியை புன்முறுவலுடன் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "வினிகரைப் பாதியாகக் குறைத்தால் நுரை எவ்வளவு வரும், கண்ணு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை.

அன்று இரவு அவள் தன் உம்மாவிடம் சொன்ன சொல் இன்னமும் என் நெஞ்சில் தைத்து நிற்கிறது. "எனக்கு சயன்ஸ் வராதும்மா." பதினொரு வயதுப் பெண், தனக்கு ஒரு துறையின் கதவு மூடப்பட்டுவிட்டதாகத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். அத்தீர்ப்புக்குக் காரணம் அவளுடைய அறிவில் இருந்த குறையன்று. வினிகரைக் குறைத்தும் கூட்டியும் ஊற்றிப் பார்க்கும் வாய்ப்பை நாங்கள் அவளுக்கு அளிக்கவே இல்லை. இரண்டு தம்ளரும் ஒரு தேக்கரண்டியும் போதுமாயிருந்த ஒரு காரியத்தை 650 ரூபாய்க்கு விலை பேசிக் கெடுத்திருந்தேன்.

செய்து பார்த்தவர்கள்

செய்து பார்த்துத் தெளிதல் என்பது நமக்குப் புதிதன்று. கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம், "கிதாபுல் மனாழிர்" என்னும் ஒளியியல் பெருநூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று பலர் நம்பிய காலம் அது. பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று அவர் நிறுவினார். முன்னோர் சொல்லிவிட்டார்கள் என்பதற்காக எதையும் ஏற்காமல், ஒவ்வொன்றையும் செய்து பார்த்து எழுதினார். அவ்வாறு சோதித்துப் பார்ப்பதற்கு அவர் கையாண்ட சொல் "இஃதிபார்" என்பதாகும். அந்நூல் பின்னர் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்களுக்கும் பாடநூலாயிற்று.

நம் காலத்திலும் இவ்வழியைக் காட்டியவர் உண்டு. கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975-ல் பட்டம் பெற்ற பொறியாளர் அரவிந்த் குப்தா, 1978-ல் தொழிற்சாலை வேலையிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளுக்குச் சென்றார். அங்கே 1972 முதல் 2002 வரை நடைபெற்ற விஞ்ஞானக் கல்வித் திட்டத்தில், கிராமத்துப் பிள்ளைகள் தாமே சோதனை செய்து பாடம் கற்றனர். தீக்குச்சியும் மிதிவண்டி வால்வு ட்யூபும் அரவிந்த் குப்தாவின் கையில் பாடக் கருவிகளாயின. குப்பையில் எறியும் பொருள்களிலிருந்து நூற்றுக்கணக்கான விளையாட்டுப் பொருள்களை உருவாக்கிய அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இனி, உங்கள் வீட்டில் இந்த வாரமே செய்யக்கூடிய நான்கு சோதனைகளைக் கூறுகிறேன். எதற்கும் கடைக்குப் போய்ப் பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை.

ஒன்று: தீக்குச்சியும் முக்கோணமும்

மிதிவண்டி பழுது பார்க்கும் கடையில் வால்வு ட்யூப் கேளுங்கள். ஒரு முழம் வாங்கினால் பல நாளுக்கு வரும். அதை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிக்கொள்ளவும். தீக்குச்சிகளின் மருந்து முனையைப் பெரியவர் ஒருவர் முன்னதாகச் சுரண்டி நீக்கிவிட வேண்டும். ஒரு துண்டின் இரு முனைகளிலும் இரண்டு குச்சிகளைச் செருகினால் வளையக்கூடிய மூட்டு ஒன்று கிடைக்கும். மூன்று குச்சிகளையும் மூன்று மூட்டுகளையும் கொண்டு முக்கோணம் செய்யச் சொல்லுங்கள். நான்கு குச்சிகளால் சதுரம் செய்யச் சொல்லுங்கள்.

இப்போது பிள்ளையிடம், "இரண்டையும் மூலையில் அழுத்திப் பார்" என்று மட்டும் கூறுங்கள். சதுரம் சாய்ந்து சரிந்துவிடும். முக்கோணம் அசையாது நிற்கும். "சதுரம் சரியாமலிருக்க என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். குறுக்கே ஒரு குச்சியைச் செருகினால் சதுரம் இரண்டு முக்கோணங்களாகிவிடும் என்பதைச் சிறிது நேரத்தில் தானே கண்டுபிடித்துவிடும். செருகும்போது ஒற்றைக் குச்சியின் நீளம் போதாமையும் தெரிய வரும். "எவ்வளவு நீளம் வேண்டும்?" என்ற கேள்வி பிறக்கும் அந்த இடத்தில் கணிதப் பாடம் தொடங்குகிறது. அடுத்த முறை பேருந்தில் செல்லும்போது, உயர் மின்அழுத்தக் கோபுரங்களில் இரும்புப் பட்டைகள் ஏன் குறுக்கும் நெடுக்கும் முக்கோணங்களாகப் பிணைக்கப்பட்டிருக்கின்றன என்பதை உங்களுக்கு உங்கள் பிள்ளை விளக்கும்.

இரண்டு: பெருநாள் சட்டையின் கறை

தாய்மார்களே, இது உங்கள் அடுக்களைச் சோதனை. பெருநாளன்று வெள்ளைச் சட்டையில் சால்னா சிந்திவிட்டது. அவசரமாகச் சோப்புப் போட்டீர்கள். மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாக மாறிற்று. அலசியபின் மீண்டும் மஞ்சளாயிற்று. ஏன் இப்படி என்று என்றேனும் எண்ணியதுண்டா?

ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைச் சிறிது நீரில் குழைத்து வெள்ளைத்தாளில் தடவி நிழலில் உலர்த்துங்கள். விரல் அகலப் பட்டைகளாக வெட்டிக் கொடுங்கள். எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், சோப்பு நீர், சர்க்கரை நீர், தெளிந்த சுண்ணாம்பு நீர் ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பட்டையை நனைக்கச் சொல்லுங்கள். சோப்பு நீரும் சுண்ணாம்பு நீரும் மஞ்சளைச் சிவப்பாக்கும். அவை காரப் பொருள்கள். சிவந்த பட்டையின்மீது எலுமிச்சைச் சாற்றைச் சொட்டினால் மீண்டும் மஞ்சளாகும். எலுமிச்சை அமிலமாதலால் காரத்தை அடக்கிவிடுகிறது. (சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பேராபத்து. தெளிந்த நீரை மட்டும் நீங்களே வடித்துக் கொடுங்கள்.)

சோதனையை இத்தோடு நிறுத்தாதீர்கள். மஞ்சள்பட்டை எலுமிச்சையிலும் சர்க்கரை நீரிலும் ஒரே மாதிரி மாறாதிருப்பதைச் சுட்டிக்காட்டி, "இவ்விரண்டும் ஒன்றுதானா?" என்று கேளுங்கள். நாக்கு வேறென்று சொல்கிறது, தாள் ஒன்றென்று சொல்கிறது. அப்போது செம்பருத்திப் பூவிதழ்களை வெந்நீரில் ஊறவைத்து அந்தச் சாற்றைக் கொடுங்கள். அது அமிலத்தில் அடர்ந்த இளஞ்சிவப்பாகவும், காரத்தில் பச்சையாகவும் மாறும். மஞ்சளால் சொல்ல முடியாததைச் செம்பருத்தி சொல்லிவிடுகிறது. எந்தக் கருவிக்கும் ஓர் எல்லையுண்டு என்னும் பேருண்மையைப் பிள்ளை இரண்டு கிண்ணங்களில் கற்றுக்கொள்கிறது.

மூன்று: இப்னுல் ஹைதமின் விளக்குகள்

தம் நூலில் இப்னுல் ஹைதம் விவரிக்கும் சோதனை இது. ஒரு துவாரத்தின் எதிரே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார். துவாரத்துக்கு அப்பாலிருந்த இருட்டிடத்துச் சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஒளிப்பொட்டு தனித்தனியே தோன்றிற்று. ஒரு விளக்கை மறைத்தார். அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. திறந்தார், மீண்டும் வந்தது. இத்தனை ஒளிகளும் ஒரே துவாரத்தின் வழியே நுழைந்தும் ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை என்பதை அதனால் உணர்த்தினார்.

செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுங்கள். ஒரு பக்கத்தின் நடுவில் ஊசியால் சிறு துளையிடுங்கள். எதிர்ப்பக்கத்தை வெட்டி நீக்கிவிட்டு, எண்ணெய் தடவிய வெள்ளைத்தாளை அவ்விடத்தில் ஒட்டுங்கள். பெட்டியை மூடி, இடுக்குகளில் வெளிச்சம் புகாதவாறு காகிதம் ஒட்டுங்கள். இஷா தொழுகைக்குப் பின் விளக்கை அணைத்துவிட்டு, துளைக்கு எதிரே மூன்று மெழுகுவர்த்திகளை வரிசையாக ஏற்றி, எண்ணெய்த்தாளைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று சுடர்களும் தலைகீழாகத் தெரியும். வலப்பக்கத்து மெழுகுவர்த்திக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு தம்ளரை வைத்து மறையுங்கள். எந்தச் சுடர் மறையும்? மறைக்குமுன் பிள்ளை தன் ஊகத்தை எழுதிவிட வேண்டும். இடப்பக்கத்துச் சுடர் மறையக் கண்டு அது வியப்படையும். ஒளி நேர்க்கோட்டில் செல்வதால் துளையில் குறுக்கிட்டு இடம் மாறுகிறது என்பதைப் பிறகு தாளில் கோடு வரைந்து காட்டுங்கள்.

அடுத்துத் துளையை மட்டும் பெரிதாக்குங்கள். உருவம் பிரகாசமாகும், ஆனால் மங்கலாகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது சோதனையின் முதல் ஒழுங்கு. பெட்டி, மெழுகுவர்த்தி, தூரம் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றிவிட்டால், எதனால் என்ன விளைந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. மெழுகுவர்த்தி எரியும்வரை பெரியவர் ஒருவர் அருகிலிருப்பதும், துப்பட்டாவை ஒதுக்கிக் கட்டிக்கொள்வதும் கட்டாயம்.

நான்கு: நிழல் சொல்லும் நேரம்

இது நம் பிள்ளைகளுக்கென்றே அமைந்த சோதனை என்பேன். கடிகாரம் இல்லாத காலத்தில் நிழலைக் கொண்டே லுஹரும் அஸரும் கணிக்கப்பட்டன. பெரிய பள்ளிவாசல்களில் நேரம் கணிப்பதற்கென்றே "முவக்கித்" என்னும் அறிஞர்கள் பணியாற்றினர். டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலின் முவக்கித்தாக விளங்கிய இப்னுஷ் ஷாத்திர், அதன் மினாராவுக்காக 1371-ல் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளமுள்ள சலவைக்கல் நிழற்கடிகாரம் ஒன்றைச் செய்தார்.

மொட்டை மாடியில் சமதளமான இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி, 30 சென்டிமீட்டர் உயரமுள்ள குச்சியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். காலை 11.30 முதல் பிற்பகல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைத்து, அருகே நேரத்தை எழுத வேண்டும். நிழல் குறைந்துகொண்டே வந்து, ஓரளவில் நின்று, மீண்டும் நீளத் தொடங்கும். மிகக் குறுகிய நிழல் விழும் கோடே தென்வடல் கோடு. அந்த உச்சி சாய்ந்ததும் லுஹர் நேரம் தொடங்குகிறது. சென்னையில் டிசம்பர் இறுதியில் 30 சென்டிமீட்டர் குச்சியின் உச்சி நிழல் ஏறக்குறைய 22 சென்டிமீட்டர், வடக்கு நோக்கி விழும். ஜூன் இறுதியில் ஐந்தரை சென்டிமீட்டர்தான், அதுவும் தெற்கு நோக்கி விழும். ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களையொட்டி உச்சியில் நிழலே விழாது. ஊருக்கு ஊர் இந்நாள்கள் மாறும்.

உச்சி நிழலோடு குச்சியின் உயரத்தைக் கூட்டுங்கள். நிழல் அவ்வளவு நீளும்போது ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் நேரம் தொடங்குகிறது. இமாம் அபூஹனீஃபாவின் கூற்றின்படி உச்சி நிழலோடு குச்சியின் இருமடங்கு உயரத்தைக் கூட்ட வேண்டும். மேற்சொன்ன டிசம்பர் கணக்கில் முன்னது 52 சென்டிமீட்டர், பின்னது 82 சென்டிமீட்டர்.

கிப்லாவையும் காணலாம். சென்னையிலிருந்து கிப்லா நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்காக ஏறக்குறைய 18 பாகை சாய்ந்தது. தென்வடல் கோடு கிடைத்துவிட்டால் பாகைமானியால் குறித்துவிடலாம். குறித்தது சரிதானா என்று பார்க்கவும் வழியுண்டு. ஆண்டுதோறும் மே 28, ஜூலை 16 ஆகிய நாள்களையொட்டி, மக்காவின் நண்பகலில் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே நிற்கிறது. நம் நாட்டில் அப்போது முறையே பிற்பகல் 2.48, 2.57 மணி. அந்நேரத்தில் உங்கள் குச்சியின் நிழல் எத்திசையில் விழுகிறதோ, அதற்கு நேர் எதிர்த்திசையே கிப்லா. சூரியனை மட்டும் ஒருபோதும் நேரே நோக்கலாகாது. நிழலைப் பார்த்தாலே போதும்.

ஏழு நிமிடம்

எரிமலைக்குப் பிந்திய அரையாண்டு விடுமுறையில் என் தங்கை மகளும் நானும் மாடியில் இந்தக் குச்சியை நட்டோம். "மாமா, எனக்குத்தான் வராதே" என்று தொடங்கியவள், இரண்டாம் நாள் என்னைக் கேளாமலே மாடியேறிப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவளுடைய அஸர் நேரம், மஹல்லாப் பள்ளிவாசல் அட்டவணையில் கண்டதைவிட ஏழு நிமிடம் முந்தியிருந்தது. அவள் முகம் வாடிற்று. நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தான் எழுதிய நேரத்தை அழித்து, அட்டவணையின் நேரத்தை எழுதப் போனாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ கண்டது எதுவோ அதை எழுது. கண்டதை மாற்றி எழுதினால் அது பொய்ச்சாட்சி. வித்தியாசம் ஏன் வந்தது என்று தேடுவோம்" என்றேன்.

இரண்டு நாள் தேடினாள். கடிகாரத்தைச் சரிபார்த்தாள். குச்சியை மீண்டும் அளந்தாள். கடைசியில் அவளுடைய உம்மம்மா, கொத்தனார் சுவரெழுப்பும்போது தூக்குக்குண்டு பிடிப்பதை நினைவூட்டினார். நூலில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தபோது குச்சி கிழக்கே சாய்ந்திருந்தது. நுனியில் மூன்று சென்டிமீட்டர் விலகல். பிற்பகலில் நிழலும் கிழக்கே விழுவதால் அது உள்ளபடிக்கு மேலாக நீண்டு காட்டியிருக்கிறது. குச்சியை நிமிர்த்தி நட்டபின் வித்தியாசம் இரண்டு நிமிடமாகக் குறைந்தது.

அந்த இரண்டு நிமிடத்தை அவள் அழிக்கவில்லை. "நிழலின் விளிம்பு கூர்மையாக இல்லை. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மங்கலாக இருக்கிறது. அதனால் இதற்குமேல் துல்லியமாக என்னால் அளக்க முடியவில்லை" என்று தன் கையெழுத்தில் எழுதி வைத்தாள். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வட்டமாக இருப்பதால்தான் விளிம்பு மங்குகிறது என்பதைப் பிறகு பாடநூலில் தேடிக் கண்டுகொண்டாள். மறு ஆண்டுக் கண்காட்சியில் அவள் வைத்தது ஒரு குச்சி, ஒரு தூக்குக்குண்டு, கறை படிந்த ஒரு நோட்டுப் புத்தகம். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் நடுவர் கேட்ட கேள்விகளுக்கு அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெற்றோர் செய்ய வேண்டியவை

பெற்றோர்களே, உங்களிடம் வேண்டுவது மூன்றே மூன்று. பிள்ளை கேள்வி கேட்டால் உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். "எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று திருப்பிக் கேளுங்கள். பிள்ளையின் கை கோணலாக ஒட்டினாலும் நீங்கள் பிடுங்கி ஒட்டாதீர்கள். அதன் நோட்டுப் புத்தகத்தில் ஊகம், கண்டது, காரணம் என மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். ஊகம் தவறியிருந்தால் அதை அழிக்க மட்டும் விடாதீர்கள். ஆண்பிள்ளைக்குத் தீக்குச்சியும் பெண்பிள்ளைக்கு மஞ்சளும் என்று பிரித்தும் கொடுக்காதீர்கள். நான்கும் இருவருக்கும் உரியவை.

அடுத்த கண்காட்சிச் சீட்டு வீட்டுக்கு வரும்போது கடைத்தெருவுக்குப் புறப்படுமுன் ஒரு கணம் நில்லுங்கள். சமையல் சோடாவும் வினிகரும் உங்கள் அடுக்களையிலேயே இருக்கலாம். ஒரு தம்ளரில் முழு அளவும், மற்றொன்றில் பாதியளவும் ஊற்றிப் பார்க்கும்படி பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். நடுவர் கேட்கப்போகும் கேள்விக்குரிய விடையை, இன்ஷா அல்லாஹ், அது உங்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிடும்.